ஆமென் வரைக்கும் இரு

அம்மா குவைத்துக்குப் போவது முடிவான வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு அந்த நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. குவைத்தை நான் பார்த்ததில்லை, நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டேன். எனவே அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாகவே இருந்தேன்.

குட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. திருப்பதியில் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மலையிறங்கி வரும் மொட்டைத் தலைகளை அலிபிரியில் ஏற்றிக்கொண்டு காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராததற்குப் பெருமாளைக் காரணம் காட்டக்கூடியவர் எங்கள் சபையிலேயே அவர் ஒருவர்தான். திருப்பதியில் ஒரு டாக்டர் குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு அமெரிக்காவுக்குக் குடிபோனபோது, அவர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டதும் மாமாவின் வேன்தான். ஃப்ரிட்ஜ், கட்டில், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கேட்டு ஆள் வந்தது. நாய்க்குட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. நல்லவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மாமாவுக்குத் தெரிந்த நல்லவர்கள் சித்தூரில் இருந்த நாங்கள்தான்.

“நீ ஊர்ல இல்லாத நேரம் வூட்டுக்கு ஒரு காவல் வாணாமாக்கா? அவுரு டிப்போவுக்குப் பூட்டா கொயந்த ஒண்டியால்ல கெடக்கும்?” என்றார் மாமா. அவர் என்றது என் நைனாவை, அதாவது அப்பாவை. நைனா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்சு. சண்டை ஓய்ந்த குவைத்தில் நர்சுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. தெருவுக்கு ஒருத்தியாவது பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குட்டி கிரேட் டேன் ஜாதி என்றார் மாமா. சந்தன நிறம், கரி பூசினாற்போல் முகம். பிறந்து மூன்று மாதம்தான் என்றார்கள். அதற்குள்ளேயே எங்கள் தெரு நாய்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வந்திருந்தது. உடம்பைவிடப் பாதங்கள் பெரியதாக இருந்தன, அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற பிள்ளையைப் போல. பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. வேதாகமத்தில் இருக்கிற நல்லவர்களின் பெயரையெல்லாம் சபையில் யாராவது ஒருவர் வைத்துக்கொண்டிருந்தார். சாமுவேல் என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் வேதாகமத்தில் வரும் பொல்லாத ராட்சதனின் பெயரைப் பிடித்து, கோலியாத் என்று வைத்தோம். அந்தப் பெயருக்குச் சபையில் சொந்தம் கொண்டாட யாரும் இல்லை.

கோலியாத்துக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு மனிதர்களைப் பிடிக்கும், அவ்வளவுதான். பிடித்தவர்களின் தோள்மேல் இரண்டு கைகளையும் வைத்து முகத்தை நக்க வேண்டும் என்று நினைத்தது. வந்த முதல் வாரத்தில் பால்காரம்மாவைப் பால் கேனோடு சாய்த்தது. அடுத்த வாரம் தபால்காரர் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினார். நைனா அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

“இப்பவே இப்பிடி. இன்னும் நாலு மாசத்துல ஆளு ஒசரம் வந்துரும். நீயும் பூட்டேன்னா அத்த யாரு புடிக்கிறது? நானா, இந்தப் பொண்ணா?” என்று அம்மாவிடம் கேட்டார். ஏர்பேட்டுப் பக்கம் மாமாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் மாந்தோப்பு இருந்தது. அங்கே காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போட ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தார்கள். விஷயம் அந்த இடத்துக்குப் போனதும் நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். கோலியாத் என் முகத்தை நக்கியது. அதனால் அழுகை இன்னும் கூடியது.

அம்மா இருவருக்கும் நடுவில் ஒரு தீர்ப்புச் சொன்னாள். விசா வருவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும். வந்தபின் பயணத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைப்போம். வெளிநாடு போகிறவர்களுக்காகச் சபையே வீட்டுக்கு வந்து ஜெபித்து, சாப்பிட்டுவிட்டுப் போவது எங்களுக்குள் வழக்கம். அந்தக் கூட்டத்தில் நாய் ஒருவர்மேலும் பாயாமல் ஒழுங்காக இருந்தால் வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் ஏர்பேடு. நைனா சரி என்றார். நாய் தோற்றுவிடும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

பாடம் ஆரம்பித்தது. உயர்ந்த ஜாதி நாய்களுக்கு இங்கிலீஷ்தான் புரியும் என்று மாமா உறுதியாகச் சொன்னார். அதனால் அவர் வரும்போதெல்லாம் ‘சிட்’ என்றார். நைனா டிப்போவில் நாள் முழுக்கத் தெலுங்கு பேசுகிறவர். மாட்டிடமும் நாயிடமும் தெலுங்கில்தான் பேசுவார். அவர் ‘கூச்சோரா’ என்றார். நான் ‘குந்து’ என்றேன். கோலியாத் மூன்று பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு இதைப் பார்த்தாள். “வார்டுல மூணு ஷிஃப்ட்டுக்கு மூணு நர்சு. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மருந்து குடுத்தா அந்தக் கொயந்த இன்னா ஆவும்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வார்த்தைதான் என்று உத்தரவு. உட்காருவதற்குக் குந்து, அசையாமல் இருப்பதற்கு இரு, கூப்பிடுவதற்கு வா. அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. சொன்னபடி செய்தால் ஒரு துண்டு ரஸ்க். மாமா இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டுத் தமிழுக்கு இறங்கி வந்தார்.

மேலே பாய்வதை நிறுத்த அம்மா கண்டுபிடித்த வழி எங்களை ஊரில் கெட்ட பெயர் எடுக்க வைத்தது. அது பாய்ந்தால் திட்டாமல், தள்ளாமல், முகத்தையே காட்டாமல் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். நாலு காலும் தரையில் பட்டபின்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். நாங்களும் செய்தோம். யாராவது கதவைத் திறந்து உள்ளே வருவார்கள். கோலியாத் சந்தோஷத்தில் துள்ளும். உடனே நைனா ஒரு சுவரைப் பார்த்து நிற்பார், அம்மா இன்னொரு சுவரைப் பார்த்து நிற்பாள், நான் அலமாரியைப் பார்த்து நிற்பேன். வந்தவர் நடுவீட்டில் தனியாக நின்றுகொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அத்தை, “குவைத்து விசா வர்றதுக்கு முன்னயே மூஞ்சத் திருப்பிக்கிறீங்களேம்மா” என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. ஆனால் கோலியாத் பாய்வதை விட்டுவிட்டது. அத்தையிடம் விளக்கம் சொல்லிச் சமாதானம் செய்ய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

காத்திருப்பதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் சாப்பாட்டு நேரம். எங்கள் வீட்டில் தட்டு வைத்தபின் ஜெபம் செய்யாமல் யாரும் கை நனைக்கக் கூடாது. நாய்க்கும் அதே நேரத்தில் அதன் தட்டு வைக்கப்பட்டது. முதலில் அம்மா ஒரு கையால் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ‘இரு’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னதும் கையை விடுவாள். நாய் தட்டில் விழும். கொஞ்ச நாளில் பட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கேழ்வரகுக் களியும் எலும்புச் சாறும் மூக்குக்கு முன்னால் மணக்க, வாயின் இரண்டு பக்கமும் எச்சில் நூலாக வடிய, கோலியாத் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆமென் காதில் விழுந்தால்தான் வாய் வைக்கும். நான் ஜெபத்தின்போது ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்ப்பேன். அதுவும் ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும்.

அடுத்த பாடம்தான் கஷ்டமாக இருந்தது. ஆள் கண்ணில் படாதபோதும் இருக்க வேண்டும். கோலியாத்தால் அம்மாவை விட்டு இருக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போனால்கூடக் கதவைப் பிறாண்டும். “நீயும் பக்கத்துல குந்திக்கோ. தனியா இருந்தா அது பயந்துக்கும்” என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் வாசல் படியில் கோலியாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். அம்மா ‘இரு’ என்று சொல்லிவிட்டுக் கேட் வரைக்கும் நடந்து திரும்பி வருவாள். பிறகு கேட்டுக்கு வெளியே போய் வந்தாள். பிறகு தெருமுனைக் கடைக்கு, அப்புறம் எங்கள் சபைக் கோயிலுக்கு, அதற்கும் அப்புறம் மார்க்கெட்டுக்கு என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

இதில் அம்மாவுக்கு நிறையச் சட்டங்கள் இருந்தன. எல்லாம் குழந்தைகள் வார்டில் அவள் கண்டவை. பிள்ளையை வார்டில் விட்டுப் போகும் தாய்மார்கள் அது தூங்கும்போது நைசாக நழுவிவிடுவார்களாம். கண்விழித்த பிள்ளை அதன்பின் தூங்கவே பயப்படுமாம். ஆகவே போகும்போது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் கொஞ்சிக் குலாவிக்கொண்டிருக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போது உள்ளே வரக் கூடாது, அழுகை நின்றபின்தான் வர வேண்டும். இல்லையென்றால் அழுதால் வருவார்கள் என்று அது பழகிவிடும். கோலியாத் ஊளையிடும் நாட்களில் மதில் சுவருக்கு மேலே அம்மாவின் கொண்டை மட்டும் தெரியும். ஊளை நிற்கும் வரைக்கும் அந்தக் கொண்டை அசையாமல் அங்கேயே இருக்கும். எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது.

மாம்பழச் சீசன் முடியும் சமயத்தில், விசா காகிதம் விஷயமாகத் திருப்பதிக்குப் போய் மாமா வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கிறது என்றாள் அம்மா. அதுவரை அவள் இல்லாமல் நான் ஒரு ராத்திரியும் தூங்கியதில்லை. “நாளைக்கி மூணு மணி பஸ்ல வந்துருவேன். நீ கோலியாத்தப் பாத்துக்கோ” என்றாள். இரு என்றாள். போய்விட்டாள். அன்று நாய் ஊளையிடவில்லை. நான்தான் கொஞ்சம் அழுதேன். நான் அழுதால் அதுவும் ஆரம்பித்துவிடும் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் படியிலிருந்து நகரவில்லை. நைனா சோற்றைப் படிக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மணி பஸ்ஸில் அம்மா வந்தாள். கேட்டைத் திறந்தாள், பையை வைத்தாள், குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். அதன்பின்தான் எங்களைப் பார்த்து ‘வா’ என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்று பார்க்காமல் இருவரும் ஓடினோம்.

விசா வந்தது. ஜெபக்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். வாசலில் பந்தல் போட்டு, ஜமக்காளம் விரித்து, பின்கட்டில் மட்டன் பிரியாணி ஆக்கினார்கள். கூட்டத்துக்கு ஐயர் வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். நல்ல மனுஷர். ஜெபத்தை ஆரம்பித்தால் எங்கே முடிப்பது என்று மட்டும் தெரியாது. அதனால் நேரத்தை மிச்சம்பிடிக்க, இலை போட்டுப் பிரியாணியையும் பரிமாறிவிட்டே ஜெபத்துக்கு நிற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. சோறு ஆறுவதைப் பார்த்தாவது முடிப்பார் என்று ஒரு நம்பிக்கை.

கோலியாத் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போது அது உட்கார்ந்தாலே என் உயரம். வந்தவர்கள் எல்லோரும் சுற்றி வளைத்துப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். ஒருவர்மேலும் அது பாயவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்து, நாயிடம் ‘இரு’ என்றாள். நைனா தூணில் சாய்ந்து நின்று நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். அம்மாவுக்காக ஜெபித்தார், குவைத் ராஜாவுக்காக ஜெபித்தார், ஆகாய விமானத்துக்காகவும் அதை ஓட்டுகிறவருக்காகவும் ஜெபித்தார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சபையின் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கர்த்தர் கையில் ஒப்படைத்தார். பெரியவர்களே காலை மாற்றி நின்றார்கள். பின்வரிசையில் ஒருவர் இருமி ஜாடை காட்டினார். இலைகளில் பிரியாணி மணத்துக்கொண்டிருந்தது. கோலியாத் அசையவில்லை. எச்சில் வடிந்து ஜமக்காளம் நனைந்தது. அதன் முன்னங்கால்கள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் அதன் காதருகே ‘இரு, இரு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஐயர் முடித்தார். பசியிலிருந்த சபை முழுவதும் ஒரே குரலாக, பந்தல் அதிர, ஆமென் என்றது.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை ஞாபகம் வரவில்லை. கோலியாத் ஒரே தாவலில் ஜமக்காளத்தைத் தாண்டி, ஐயரின் இலையில் வாய் வைத்தது. அது பெரிய வாய். ஐயர் கண்ணைத் திறந்தபோது இலையில் ஒரு எலுமிச்சைத் துண்டு மட்டும் இருந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் நைனாவைப் பார்த்தேன். ஏர்பேடு என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது போலிருந்தது. நான் ஐயரிடம் ஓடி, விக்கி விக்கி, ஆமென் சொன்னால்தான் அது துன்னும், நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம், அது சொன்ன பேச்சைத்தான் கேட்டது என்று எல்லாவற்றையும் உளறினேன்.

ஐயர் காலி இலையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து, “முப்பது வருசமா ஜெபம் பண்ணிகினு வர்றேன். முடியிற வரிக்கும் பொறுமையா இருந்தது இது ஒண்ணுதான்” என்றார். முதலில் சிரித்தது நைனாதான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐயருக்கு வேறு இலை போட்டார்கள். கோலியாத்துக்கும் ஒரு இலை போடச் சொன்னவர் நைனாதான். ஏர்பேடு என்ற பேச்சு அதன்பின் வீட்டில் எழவே இல்லை.

அந்த வாரமே அம்மா கிளம்பினாள். மெட்ராஸ் பஸ் ஏறுவதற்குமுன் படியில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து, எந்தக் கிறிஸ்துமசுக்கு வருவாள் என்று சொன்னாள். இரு என்றாள். கட்டிப்பிடித்து அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று பக்கத்து வீட்டு அத்தை என் காது படவே சொன்னாள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு தசரா லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நாயைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மாவின் போனுக்காக நைனாவோடு காத்திருக்க வேண்டியிருந்தது. சொன்ன கிறிஸ்துமசுக்கு அம்மா வந்தாள். கோலியாத் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு முழுக்க நடுங்கியபடி, அவள் ‘வா’ என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. நான் அவ்வளவு நேரமெல்லாம் பொறுக்கவில்லை, கேட்டிலேயே அவள்மேல் பாய்ந்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

காலேஜில் படிக்கும்போது ஒருநாள் எனக்கு உறைத்தது. அந்தப் படியில் கற்றுக்கொடுக்கப்பட்டது நாய்க்கு மட்டுமல்ல, எனக்கும்தான். நாயைச் சாக்காக வைத்து அம்மா என்னையும் பழக்கியிருக்கிறாள். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தல் வேலையாக வந்திருந்த மாமாவிடம் இதைச் சொல்லி, திருப்பதியில் அம்மா தங்கிய அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் விசா காகிதத்துக்காக வெளியூர் போனதையும் ஒரு பாடமாக்கிவிட்டாள், கெட்டிக்காரி என்றேன்.

மாமா சிரித்தார். “இன்னா காகிதம்? திருப்பதில அவளுக்கு ஒரு வேலையும் இல்ல. வந்து கூடத்துல குந்திகினு கடியாரத்தையே பாத்துகினு இருந்தா. சாயங்காலம் ஆனதும், சித்தூருக்கு வேன எடுடா, எங்க தெருமுனைல நின்னு கொயந்தய ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்னா. வாணாம்னு சொன்னேன், கேக்கல. எடுத்தேன். பாதி வழி, பாகாலா வரிக்கும் வந்தோம். அங்க வண்டிய நிறுத்தச் சொன்னா. எறங்கி ரோட்டோரம் ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தா. அப்புறம் வந்து ஏறி, திருப்புடா, நான் இதுல தேறலன்னா குவைத்துல எப்பிடி இருப்பேன்னா.”

அந்தச் சாயங்காலம் நானும் கோலியாத்தும் படியில்தான் இருந்தோம். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாயைவிட நான் ஒழுங்காக இருந்தேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சொன்னேன், வாங்கினேன். அவளுக்கு யாராவது அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் யாருமே இல்லை.